மைலேஜ் மூன்று குறைந்தது, எத்தனாலின் பங்கு எவ்வளவு?

கேள்வி: புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 2013-இல் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்றும், 2006-ஆம் ஆண்டு வாங்கிய 100 சிசி பைக் ஒன்றும் வைத்திருக்கிறேன். கார் மாதம் 450 கி.மீ. ஓடினாலே அதிகம். 2022-இல் லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்த வண்டி, இப்போது 13-ஐத் தாண்ட மறுக்கிறது. "எல்லாம் எத்தனால் செய்த வேலை. ஃப்யூவல் பம்ப்பை அரித்துவிட்டது. மாற்ற 18,000 ரூபாய் ஆகும்" என்கிறார் மெக்கானிக். சென்னையில் இருக்கும் மகனோ, "15 வருடம் ஆனால் எப்படியும் ஓட்ட விடமாட்டார்கள், இப்போதே விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்குங்கள்" என்கிறான். பைக் காலையில் பத்து உதை வாங்காமல் கிளம்புவதில்லை. எத்தனாலை முறிக்கும் மருந்து என்று ஒரு பாட்டிலை 300 ரூபாய்க்கு விற்கிறார்கள். அதை வாங்கலாமா? நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் அரசாங்கம் ஏன் இதைச் செய்தது?

பதில்:

ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் ஆசிரியர் என்பதால் ஒரு வகுப்புக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறக்குறைய 32 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கும் சாராயமான எத்தனால், அதே ஒரு லிட்டருக்கு 21 மெகாஜூல்தான் தரும். இப்போது பங்க்கில் கிடைப்பது எண்பது பங்கு பெட்ரோலும் இருபது பங்கு எத்தனாலும் கலந்தது, அதில் லிட்டருக்கு 30 மெகாஜூலுக்குச் சற்றுக் குறைவு. கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 7 சதவீத இழப்பு. ஆனால் 2022-இல் நீங்கள் போட்டது கலப்பில்லாத பெட்ரோல் அல்ல. அந்த ஆண்டு ஜூன் மாதமே நாடு சராசரியாக 10 சதவீதக் கலப்பை எட்டிவிட்டது. உங்கள் 16 கி.மீ. என்பதே எத்தனால் கலந்த பெட்ரோலில் கிடைத்ததுதான். பத்திலிருந்து இருபதுக்குப் போனதில் வெப்ப இழப்பு 3.5 சதவீதம் மட்டுமே. ஆகவே 16 என்பது 15.4 ஆக வேண்டும். மிக மோசமாக, முழு 7 சதவீதத்தையும் எத்தனால் கணக்கிலேயே எழுதினாலும் 14.9-க்குக் கீழே போக வழியில்லை.

உங்கள் வண்டி 13-இல் நிற்கிறது. மீதி இரண்டு கி.மீ. வேறு எங்கோ ஒழுகுகிறது. அதைத் தேடாமல் பம்ப்பை மாற்றினால் 18,000 ரூபாய் போகும், மைலேஜ் 13-லேயே இருக்கும்.

சென்ற மாதம் கோவையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு இதே புகாரோடு ஒரு வங்கி ஊழியர் வந்தார். எத்தனாலைத் திட்டிக்கொண்டேதான் இறங்கினார். வண்டியை நானே பத்து கி.மீ. ஓட்டிப் போய் வந்து, நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. முன் இடது சக்கரத்தின் அருகே கையை வைக்க முடியவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றினால், அரைச் சுற்றில் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரில், அது நகர உதவும் சிறு கம்பி துருவேறி இறுகியிருந்தது. மனிதர் பல மாதங்களாக ஒரு பிரேக்கை அழுத்தியபடியே அலுவலகம் போய் வந்திருக்கிறார். சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, பிரேக் பேட் மாற்றினோம். அந்தச் சக்கரம் குடித்த பெட்ரோலுக்கு எத்தனால் பழி சுமந்துகொண்டிருந்தது.

உங்களுடையதும் பிரேக்தான் என்று சொல்ல வரவில்லை. மாதம் 450 கி.மீ. ஓடும் வண்டி என்றால் பெரும்பாலும் கடைவீதி, கோயில், ஆஸ்பத்திரி என்று சின்னச் சின்னப் பயணங்களாக இருக்கும். எஞ்சின் சூடேறும் முன்னே அணைத்துவிடுவீர்கள். அப்படி ஓடும் காருக்கு மைலேஜ் குறைவது இயல்பு. ஓய்வு பெறுவதற்கு முன்பு இப்படித்தான் ஓட்டினீர்களா, அல்லது அப்போது தினமும் நீண்ட தூரம் போனீர்களா? கடிதத்தில் அது இல்லை. அடுத்து டயர் காற்று. அதற்கும் அடுத்து, பன்னிரண்டு வயதைத் தாண்டிய காரில் நான் சந்தேகப்படும் முதல் பொருள் ஆக்ஸிஜன் சென்சார். புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும் விரல் நீளப் பொருள் அது. எரிந்த புகையை முகர்ந்து பார்த்து, பெட்ரோலைக் கூட்டு, குறை என்று எஞ்சினின் கணினிக்குச் சொல்வது அதன் வேலை. வயதானால் மந்தமாகும். சந்தேகம் வந்தால் கணினி கொஞ்சம் அதிகமாகவே பெட்ரோலை ஊற்றும். ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முதலில் மைலேஜைச் சரியாக அளந்துவிடுங்கள். ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், துப்பாக்கி தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்புங்கள். ஓடோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். டாஷ்போர்டில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

இனி அந்த ஃப்யூவல் பம்ப். அது டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கியிருக்கும் சிறிய மோட்டார். சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. 500 ரூபாய்க்கு, 300 ரூபாய்க்கு என்று போட்டு, எப்போதும் அடிக்கோட்டிலேயே ஓடும் வண்டிகளில் பம்ப் சீக்கிரம் போவதை எத்தனால் வருவதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். பம்ப் கெட்டால் வண்டி மேட்டில் இழுக்காது, சூடான பிறகு திக்கும், பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ரீங்காரம் கேட்கும். இவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை. மெக்கானிக் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தாரா? அழுத்தமானி வைத்து அளந்தாரா? இரண்டும் இல்லையென்றால் அந்த 18,000-ஐ எடுத்து வைத்துவிடுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றாலும் பழைய பம்ப்பை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். நானும் ஒருமுறை ஒரு வாடிக்கையாளருக்குப் பம்ப் மாற்றிவிட்டு, கோளாறு ஐம்பது ரூபாய் ரிலேயில் இருந்ததைக் கண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அளக்காமல் மாற்றுவது எங்கள் தொழிலின் பழைய வியாதி. இப்போது அதற்கு எத்தனால் என்று ஒரு நல்ல சாக்கும் கிடைத்துவிட்டது.

எத்தனால் அப்பாவி என்று நான் சொல்லவில்லை. அது இரண்டு வேலைகளைச் செய்யும். பழைய ரப்பரை ஊறவைத்து உப்பவோ விறைக்கவோ செய்யும், டேங்கின் அடியில் பல வருடங்களாகப் படிந்த கசடைக் கரைத்துக் கிளப்பிவிடும். கிளம்பிய கசடு ஃபில்டரில் போய் அடைக்கும். 2023 ஏப்ரலிலிருந்து வந்த கார்களில் இ20-ஐ, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பரும் உலோகமும் இருக்க வேண்டும் என்பது விதி. உங்களுடைய 2013 மாடல் அந்தக் கணக்கில் வராது. பெட்ரோலியத் துறையே 2025 ஆகஸ்டில், பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று ஒப்புக்கொண்டது. உங்கள் ஓட்டத்துக்கு 20,000 கி.மீ. என்பது கிட்டத்தட்ட நான்கு வருடம். ஆனால் ரப்பருக்குக் கி.மீ. தெரியாது, வயதுதான் தெரியும். எனவே அடுத்த சர்வீஸில் ஃப்யூவல் ஹோஸ்கள், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்), ஃபில்டர் மூன்றையும் மாற்றிவிடுங்கள். ஓ-ரிங் வாங்கும்போது "விட்டான்" என்று கேட்டு வாங்குங்கள். எத்தனாலைத் தாங்கும் ரப்பர் அது. சாதாரண ஓ-ரிங்கைவிட விலை கூடும் என்றாலும், எல்லாம் சேர்த்தும் பம்ப்புக்குச் சொன்ன தொகையில் சிறு பகுதிதான் ஆகும்.

அந்த 300 ரூபாய் பாட்டில் வேண்டாம். ஊற்றுவதால் எத்தனால் எங்கும் போய்விடாது, போன வெப்பமும் திரும்பி வராது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆறு மாதம் ஷெட்டில் பூட்டி வைக்கும் வண்டிக்கு, துருவைத் தடுக்கும் கலவை கொஞ்சம் உதவலாம். வாரம் இரண்டு முறை ஓடும் காருக்கு அது தேவையில்லை. அதேபோல் விலை கூடிய ப்ரீமியம் பெட்ரோல் போட்டால் எத்தனால் இருக்காது என்று சிலர் நம்புகிறார்கள். ப்ரீமியம் என்ற பெயர், எத்தனால் இல்லை என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் ஒரு சின்னச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். நான் பட்டறையில் அடிக்கடி செய்வதுதான். அளவு குறித்த கண்ணாடிக் குழாயில் 50 மில்லி தண்ணீர், அதன்மேல் 100 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கிவிட்டு வைத்தால் சில நிமிடங்களில் இரண்டு அடுக்காகப் பிரியும். பெட்ரோலை விட்டு எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அடியில் 50-இல் இருந்த கோடு 70-ஐ ஒட்டி ஏறி நிற்கும். அந்த இருபதுதான் எத்தனால். இதை வீட்டுக்குள், குறிப்பாகச் சமையலறைப் பக்கம் முயல வேண்டாம். திறந்தவெளியில், பீடி சிகரெட் பிடிப்பவர் யாரும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். இதே குணத்தால்தான் டேங்கில் மழைத்தண்ணீர் புகுந்தால் இப்போது தொல்லை அதிகம். அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் போய்த் தங்கும், பம்ப் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். பெட்ரோல் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.

மகன் சொன்ன 15 வருடக் கதைக்கு வருகிறேன். பழைய பெட்ரோல் வண்டிக்கு 15 வருடம், டீசலுக்கு 10 வருடம் என்ற தடை டெல்லிக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் உரியது. புதுக்கோட்டையில், 2028-இல் உங்கள் காரை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, தகுதிச் சான்று பெற்று, கட்டணமும் பசுமை வரியும் கட்டினால் மேலும் ஐந்து வருடம் ஓட்டலாம்.

மின்சாரக் கார் நல்ல வண்டிதான். மாதம் 2,000 கி.மீ. ஓட்டுபவர் கேட்டால் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். உங்கள் கணக்கு வேறு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த 13 கி.மீ. மைலேஜிலேயே மாதம் உங்களுக்கு 3,500 ரூபாய் ஆகிறது. மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. போனால் மாதம் 65 யூனிட். வீட்டு மின்கட்டணம் யூனிட் ஏற ஏறக் கூடுவதால் 8 ரூபாய் என்று போட்டாலும் 520 ரூபாய்தான். மிச்சம் மாதம் ஏறத்தாழ 3,000, வருடத்துக்கு 36,000. பழைய காரை விற்ற பணம் போக, கையிலிருந்து 8 லட்சம் போட வேண்டும் என்றால் அதை மீட்க 22 வருடம் ஆகும். மகனுக்குச் சொல்லுங்கள், அவர் சென்னையில் தினமும் அலுவலகம் போகக் காரை நம்பியிருந்தால் முதலில் அவர் வாங்கட்டும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். என் தொழிலில் இதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு, தன் மண்ணில் விளைந்ததில் கொஞ்சம் கலந்துகொள்ள நினைப்பதில் தவறில்லை. 2014-15-லிருந்து 1.4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம் என்பது அரசின் கணக்கு. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-க்கே எட்டியதும் சாதாரணக் காரியம் அல்ல. என் வருத்தம் எல்லாம் அதை பங்க்கில் கொடுத்த விதத்தில்தான்.

பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீதக் கலப்பைச் சாதாரண பெட்ரோலாக்கியபோது, பழைய கார்களுக்காக 5 சதவீதக் கலப்பையும், விலை கூடுதலாக இருந்தாலும், விட்டுவைத்தார்கள். பம்ப்பிலேயே எது எது என்று எழுதியிருக்கும். பிரேசில் 1975-லிருந்து இந்த வேலையைச் செய்கிற நாடு. எந்தக் கலப்பைப் போட்டாலும் ஓடும்படி அமைந்த கார்கள் அங்கே 2003 முதல் வரத் தொடங்கின. பங்க்குக்குப் போகும் பிரேசில்காரர் இரண்டு பம்ப்களின் விலையையும் பார்ப்பார். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனாலைப் போடுவார், மேலே இருந்தால் பெட்ரோல். நான் மேலே போட்ட 32-21 கணக்கை ஒட்டியதுதான் இந்த எழுபது. அதை அங்கே கார் ஓட்டுகிறவர்கள் மனக்கணக்காக வைத்திருக்கிறார்கள்.

நமக்கு அந்தக் கணக்கைப் போட இரண்டாவது பம்ப்பே இல்லை. கலப்பில்லாத பெட்ரோலும் கிடைக்கும்படி செய்யுங்கள் என்று கேட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆனால் இந்தத் திட்டத்துக்கு வரைபடம் போட்ட நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையிலேயே, வெப்பம் குறைவதை ஈடுசெய்யும் அளவுக்கு இந்தப் பெட்ரோலின் சில்லறை விலை குறைவாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இலக்கு முன்னே ஓடியது, அந்த வாக்கியம் பின்தங்கிவிட்டது. எத்தனாலின் கொள்முதல் விலை ஏறிவிட்டது, லிட்டர் 71 ரூபாய்க்கு மேல் வாங்குகிறோம், பெட்ரோலைவிட மலிவாக இல்லை என்று 2025-இல் அரசு காரணம் சொன்னது. அது உண்மையாகவே இருக்கட்டும். குறைந்த சரக்குக்கு முழு விலையைக் கொடுப்பவர் நீங்கள்தானே? மளிகைக் கடையில் கிலோவுக்கு 965 கிராம் நிறுத்துக் கொடுத்தால் சும்மா வருவோமா?

உங்கள் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. கரும்பிலிருந்து எடுக்கும் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பதும் அதே நிதி ஆயோக் அறிக்கையில் உள்ளதுதான். அதனால் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பினார்கள். பெரம்பலூர் விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தால் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் நாமக்கல் கோழிப் பண்ணைகளின் தீவனமும் அதே மக்காச்சோளம்தான், முட்டை விலையில் அது எதிரொலிக்காமல் இருக்காது. கார் டேங்கும் கோழியும் ஒரே மூட்டைக்குப் போட்டியிடுகின்றன. இதில் எது முந்த வேண்டும் என்பது ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் முடிவு செய்கிற விஷயம் இல்லை.

கோபப்பட வேண்டியது எஞ்சினுக்காக அல்ல, அந்த விலைக்காக. எழுதுவதாக இருந்தால் விலைக் கழிவைக் கேட்டும், பம்ப்பில் கலப்பு அளவை எழுதி வைக்கக் கேட்டும் எழுதுங்கள். எஞ்சின் நாசமாகிவிட்டது என்று எழுதினால், ஆய்வுக்கூட அறிக்கை ஒன்றைக் காட்டி உங்கள் வாயை அடைத்துவிடுவார்கள்.

பைக்கை மறந்துவிடவில்லை. உண்மையில் உங்கள் இரண்டு வண்டிகளில் எத்தனாலால் அடி வாங்குவது அதுதான். காரில் சென்சாரும் கணினியும் உண்டு, கலப்பு மாறினால் சமாளித்துக்கொள்ளும். பைக்கில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் பழைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருந்தால் காற்று மிஞ்சி, எரிபொருள் போதாமல், குளிர்ந்த எஞ்சின் காலையில் முரண்டு பிடிக்கும். நல்ல கார்புரேட்டர் மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி படிந்திருக்கிறதா என்று நீங்களே எட்டிப் பாருங்கள். ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனை உப்பியிருந்தால் ஊசியோடு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் வழியும். பெட்ரோல் டியூபும் புதிதாக இருக்கட்டும். கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைச் சிறிது திருப்பிப் பார்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும், அதற்கும் மசியவில்லை என்றால் மட்டும் ஒரு எண் பெரிய ஜெட் போடலாம்.

இரண்டு நாளைக்கு மேல் பைக்கை எடுக்கப் போவதில்லை என்றால், வீட்டுக்கு வந்ததும் எஞ்சினை உடனே அணைக்காதீர்கள். டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் இருக்கும் மிச்சத்தைக் குடித்துவிட்டு ஓரிரு நிமிடத்தில் தானே நின்றுவிடும். மறுபடி எடுக்கும்போது டேப்பைத் திறந்து, அரை நிமிடம் பொறுத்து, சோக்கை இழுத்து உதையுங்கள்.